யாகப்பர் சொன்னதில் பாதி

பிறிஜ்ஜைக் கல்லின்மேல் ஏற்றியதுதான் யாகப்பரும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஐப்பசி முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்த கையோடு. மழைக்காலத்தில் குசினிக்குள் வெள்ளம் ஏறுவது சில வருடங்களாக வழக்கமாகியிருந்தது. மழை இறுக முன்னர் பிறிஜ்ஜைச் சீமெந்துக் கல்லில் தூக்கி வைப்பதும் அதனோடு சேர்ந்த வழக்கம். ஜெனிற்றா பிறிஜ்ஜைச் சாய்த்துப் பிடித்தாள். யாகப்பர் குந்தியிருந்து கல்லை உள்ளே தள்ளினார்.

"ஒரு கல்லுக் காணும் அப்பா."

"காணாது. ரெண்டு வைப்பம்."

"ரெண்டு வைச்சா அம்மாவுக்கு மேல்தட்டு எட்டாது."

"எட்டாட்டி நல்லம். ஐஸ்கிறீம் எனக்கு மிஞ்சும்."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றாள் அம்மா மார்த்தா, முற்றத்தில் இருந்து.

இரண்டு கல் வைத்தார்கள். யாகப்பர் அப்படியே நிலத்தில் இருந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. அறுபத்தாறு வயதில் பிறிஜ் தூக்கினால் யாருக்கும் மூச்சு வாங்கும் என்று ஜெனிற்றாவும் நினைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லிப் பாக்கட்டோ?"

"சொல்லுங்கோ."

தொண்டையைச் செருமினார். "வெள்ளம் ஓடுற வழியையும் எங்கட வலைப்பாட்டையும் விட்டால் மட்டும்தான் எங்கட காத்தை நீங்கள் எடுக்கலாம்."

"நடுவில நிக்காதேங்கோ அப்பா. நிண்டா வெட்டிப்போடுவாங்கள்."

"நான் என்ன வேலியில நிக்கிற பூவரசோ, வெட்ட?"

ஆனாலும் இன்னொருமுறை, நிற்காமல், சொன்னார்.

அடுத்த கிழமை மன்னார் நகரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. வடக்கில் காற்றாலும் வெயிலாலும் எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்று அரசாங்கம் வைத்திருந்த இலக்கை இன்னொருதடவை உயர்த்துவதற்கான பொதுக்கூட்டம். அதில் எழுந்து நின்று யாகப்பர் இந்த ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். முன்னர் கொழும்பில் இதையேதான் சொன்னார். அதில் பாதிதான் ஊருக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பாதியை எல்லோரும் கேட்கச் சொல்லாவிட்டால் கரையில் இனித் தலைநிமிர்ந்து நிற்க முடியாது என்று அவர் நம்பினார்.

வியாழக்கிழமை விடியக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முன்னரே எல்லாம் முடிந்திருந்தது.

யாகப்பர் மன்னார்த் தீவின் தென்கரையில் கரைவலைக்கு மண்டாடியாக இருந்தவர். வள்ளத்தில் போய் வலையை வளைத்துப் போட்டபின், கயிற்றின் இரண்டு தலைப்பையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். அவர்களுக்கு நடுவில் நின்று, வலையின் மடி எந்தப் பக்கம் சரிகிறது, யார் தளர்த்த வேண்டும், யார் இறுக்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர் மண்டாடி. குரல்தான் அவருடைய தொழில். பெரிய வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஒப்பாரி பாடச் சொல்லியும் சுவாமியார் அவரைத்தான் கேட்பார். பாட்டில் சுருதி இராது. ஆனால் கடைசி வாங்கில் இருக்கும் செவிட்டுக் கிழவிக்கும் கேட்கும்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்களில் அவரும் மார்த்தாவும் இருந்தார்கள். மண்டபம் முகாமில் ஜெனிற்றா பிறந்தாள். அங்கே யாகப்பர் கட்டடங்களுக்கு வெள்ளையடித்தார். கடலைப் பார்த்துக்கொண்டு கடலில் இறங்காமல் இருந்த அந்தக் காலத்தைப் பற்றி அவர் கதைப்பதில்லை. கேட்டால், "சுண்ணாம்பு மணம் எனக்கு ஒத்துவராது," என்று மட்டும் சொல்வார். சமாதான காலத்தில் திரும்பி வந்தபோது கரையும் வலைப்பாடும் மிச்சமிருந்தன. ஒரு கூட்டத்துக்கென்று வகுத்துவிட்ட கடற்கரைத் துண்டுதான் வலைப்பாடு. அது இருந்தால் சோறு இருக்கும்.

மகள் மொறட்டுவையில் பொறியியல் படிக்கப் போனபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: "என்ர பிள்ளை கரண்டுக்குப் படிக்கிறாள்." அவள் கொழும்பில் மின்வலையமைப்புகளைக் கணக்கிடும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டில் மின்சாரம் நின்றால் அவளுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுப்பார். "இப்ப நிப்பாட்டினது நீதானே?"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், வழியால் போனவரோ பொலிஸ்காரரோ, கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்புவதில்லை. மீனை வாங்கியவர் பிறகு அந்நியரும் இல்லை. அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில், மணலில் நின்று குறை கதைக்கக் கூடாது. கோபம் இருந்தால் அவரிடமே போய் நேரே கேட்டுத் தீர்க்க வேண்டும். இளையவர்கள் இதில் பாதியைத்தான் வைத்திருந்தார்கள். மீன் கொடுப்பார்கள், குறையும் கதைப்பார்கள். யாகப்பர் முழுவதையும் வைத்திருந்தார்.

மில்ரன் வந்தது அப்படியொரு வலை இழுப்பு நாளில். வங்காலை ஊர்ப் பெடியன். காற்றாலைக் கம்பனி ஒன்றில் மக்கள் தொடர்பு வேலை. அவனோடு கொழும்பில் இருந்து கம்பனிக்காரர் இருவரும், இலக்கைத் தீர்மானிக்கும் குழுவில் இருந்த ஒருவரும் வந்திருந்தார்கள்.

"ஐயா, இவையும் ஒருக்கா இழுத்துப் பாக்க ஆசைப்படினம்," என்றான் மில்ரன்.

கயிற்றில் நின்ற சாந்தரூபன் திரும்பிப் பார்த்தார். "சப்பாத்தைக் கழட்டச் சொல்லு தம்பி. மீன் பயந்திடும்."

கழற்றினார்கள். இழுத்தார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டவர் மணலில் சறுக்கி விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள், விழுந்தவரும் சிரித்தார். படம் எடுத்தார்கள். அன்று நல்ல பாரை பட்டது. யாகப்பர் தெரிந்தெடுத்துச் சொப்பின் பைகளில் போட்டு நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள்.

"கயிறு பிடிச்சனீங்கள். வாங்காமப் போகேலாது."

வாங்கினார்கள். மில்ரனும் வாங்கினான்.

இலக்கு எப்படி உயர்கிறது என்பது ஜெனிற்றாவுக்குத் தொழில் காரணமாகத் தெரியும். காணிக்கு முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் கம்பனிகளுக்கு இலக்கு உயர வேண்டும். உயர்ந்தால்தான் அனுமதி வரும், அனுமதியைக் காட்டினால்தான் வங்கி கடன் கொடுக்கும். ஆகவே ஆய்வுக்கு அவர்களே செலவழிப்பார்கள். மாநாட்டுக்கு ஹோட்டல் மண்டபம் பிடிப்பார்கள். குழுவில் இருப்பவர்களைக் கூட்டிவந்து காற்றைக் காட்டுவார்கள். எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். காற்றாடிகளைப் பெருநிலத்திலும் பரவலாக நிறுத்தலாம் என்று வேறு யோசனைகள் இருந்தன. ஆனால் தீவில் நிறுத்தினால் கம்பி இழுக்கிற செலவு குறைவு. ஊர் எதிர்க்கவில்லை என்று காட்டினால் போதும். அதற்கு ஊரிலிருந்து ஒரு முகமும் ஒரு குரலும் தேவைப்பட்டன.

கொழும்புக்கு வரச் சொல்லி மில்ரன் கேட்டபோது யாகப்பர் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இலக்கு எண்டா என்ன பிள்ளை?"

"இத்தினையாம் வருசம் இவ்வளவு கரண்டு எடுப்பம் எண்டு முதலே சொல்லி வைக்கிறது."

"வலை போட முதலே மீனை எண்ணுறது."

"கிட்டத்தட்ட."

"மீன் வராட்டி?"

"இது காத்து அப்பா. எங்கட கரைக்கு வராத காத்து வேற எங்க வரப்போகுது?"

அவர் சிரித்தார். காற்றாடிகள் அவருக்கும் பிடித்திருந்தன. நிலக்கரிப் புகையைவிட இது எவ்வளவோ மேல் என்று மகள் சொன்னதை அவர் கரையில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டுதான்: மழைவெள்ளம் கடலுக்கு ஓடுகிற தாழ்ந்த வழியை மறிக்கக் கூடாது. வலைப்பாட்டின் மணலில் கோபுரம் நிற்கக் கூடாது. மில்ரனிடம் சொன்னார். "அதை அங்க வந்து உங்கட வாயாலயே சொல்லுங்கோ ஐயா," என்றான் மில்ரன். அவன் ஏமாற்றுவதற்காகச் சொன்னதாக ஜெனிற்றா இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டி அவரை நடுங்க வைத்தது. மேடையில் அவரை ஏற்றி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை. "எங்கட காத்தை நீங்கள் எடுங்கோ," என்றார். மில்ரன் ஆங்கிலத்தில் சொன்னான். மண்டபம் முழுவதும் கைதட்டியது. கைதட்டும்போது பேசக் கூடாது என்று, யாகப்பர் மரியாதைக்காகக் காத்து நின்றார். அது அடங்கிய பிறகு, "ஆனா வெள்ளம் ஓடுற வழியையும் வலைப்பாட்டையும் விட்டிடுங்கோ," என்றார். அதையும் மில்ரன் சொன்னான். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

கம்பனி வெளியிட்ட சின்னப் படத்தில் முதல் கைதட்டலோடு யாகப்பர் முடிந்துவிட்டார். அந்தக் கைதட்டலின் மேலேயே இசை ஏறியது. பிறகு சுழலும் காற்றாடிகள், பிறகு கயிறு இழுக்கும் வெள்ளைச் சேட்டு. அந்தப் படம் குழுவின் முன்னாலும் ஓடியது, அமைச்சிலும் ஓடியது. அந்த வருடமே இலக்கு உயர்ந்தது. உயர்ந்ததில் பெரும்பங்கு தீவின் தலையில் விழுந்தது.

சாந்தரூபன் அதைத் தன் தொலைபேசியில் கரைக்குக் கொண்டுவந்தார். மார்த்தாவின் பக்கத்துச் சொந்தம். யாகப்பரை மாமா என்று கூப்பிடுபவர்.

"மாமா, நீங்கள் இங்கிலீசு கதைப்பியள் எண்டு எங்களுக்குச் சொல்லவேயில்லையே. கீழ எழுத்தா ஓடுது."

கயிற்றடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாகப்பர் படத்தைப் பார்த்தார். முடிந்த பிறகும் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்காமல், மிச்சமும் வரும் என்பதுபோல வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில் அவர் ஒருமுறை வாய் திறந்திருக்கலாம். "நான் ரெண்டு சொன்னனான், ஒண்டை வெட்டிப்போட்டாங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. சொன்னால் அது மில்ரன் மேல் குறை. மில்ரன் கயிறு பிடித்தவன், மீன் வாங்கியவன். முதலில் அவனிடம் கேட்க வேண்டும்.

கேட்டார். ஒரு தவக்கால லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது ஜெனிற்றாவின் காதிலும் அது விழுந்தது. காது மந்தமாகி வந்ததால் யாகப்பர் தொலைபேசியை உரக்க வைத்துத்தான் கதைப்பார்.

"தம்பி, நான் ரெண்டு விசயம் சொன்னனான்."

"ஓம் ஐயா. மொழிபெயர்த்தது நான்தானே."

"அப்ப மற்றது எங்க?"

"படம் செய்தது கொழும்பில ஐயா. நானும் கேட்டனான். நீளமாப் போகுமாம்."

"மூண்டு மணித்தியாலம் ஒப்பாரி பாடுற எனக்கு இது நீளமோ?"

மறுமுனையில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. "நான் சம்பளத்துக்கு நிக்கிறவன் ஐயா."

"சம்பளத்தை நான் கேக்கேல்ல. நீ வந்து எங்கட கரையில நிண்டு, இந்த மனுசன் ரெண்டும் சொன்னவர் எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போ. அவ்வளவுதான்."

"வாறன் ஐயா."

அவன் வரவில்லை. "வாறன்" என்ற சொல்லை யாகப்பர் இரண்டு மழைக்காலம் வைத்திருந்தார்.

கோபுரங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகத் தாழ்ந்த நிலத்துக்குக் குறுக்கே உயரமாகத் தெரு போட்டார்கள். வெள்ளம் ஓட அடியில் குழாய் வைத்தார்கள், ஆனால் சின்னக் குழாய், அதுவும் மேடான இடத்தில். ஜெனிற்றா போய்ப் பார்த்தாள். ஒரு மட்டம் வைத்துப் பார்க்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கம்பனிக்குக் கடிதம் எழுதினாள். தெரு ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று பதில் வந்தது. அந்த வருடம் வெள்ளம் வீடுகளுக்குள் நின்றது. சாந்தரூபனின் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் படுத்தெழும்பினார்கள். வலைப்பாட்டுக்கு மேலே, மணல்மேட்டில், ஒரு கோபுரம் எழும்பியது.

யாரும் யாகப்பரோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நல்லது. வலைச் சொந்தக்காரர் ஒருநாள், "அண்ணை, ஏன் இந்த வெயிலுக்க நிண்டு கத்துறியள், கொஞ்சம் ஆறுங்கோ," என்றார். அடுத்த இழுப்புக்குச் சாந்தரூபன் நடுவில் நின்றார். யாகப்பர் கயிற்றுக்குப் போனார். இழுத்து முடிந்தபோது அவருடைய கையில் ஒரு சொப்பின் பை கொடுத்தார்கள். கறிக்கு மீன். வழியால் போகிறவனுக்குக் கொடுக்கிற அளவு. அன்று அதை மார்த்தா சமைத்தாள். அவர் பருப்போடு சாப்பிட்டு எழும்பினார்.

பிறகு மில்ரனின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை என்று பெண்குரல் மூன்று மொழியிலும் சொல்லத் தொடங்கியது. அவனை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று வங்காலையில் யாரோ சொன்னார்கள். இலக்கை மறுபடியும் உயர்த்தப் போகிறார்கள், மன்னாரிலேயே கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் யாகப்பர் மகளிடம் கேட்டார்: "வெட்டேலாத மாதிரி ஒண்டு சொல்லித் தா." அவள் சொல்லிக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து நான்கு நாளில் கூட்டம் வந்தது. மார்த்தா, "நீ போ," என்றாள். ஜெனிற்றா போனாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. கம்பனிக்காரர் வரைபடங்கள் காட்டினார். நல்ல வரைபடங்கள், காற்றின் வேகத்தில் ஒரு பிழையும் இல்லை. பிறகு விளக்கை அணைத்தார்கள். திரையில் அப்பா வந்தார். "எங்கட காத்தை நீங்கள் எடுங்கோ." மண்டபத்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. பின்வரிசையில் யாரோ, "ஐயோ, செத்த மனுசன் கதைக்குது," என்றார்கள். கைதட்டல். இசை.

ஜெனிற்றா எழுந்தாள். தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னாள். அவர் இரண்டு சொன்னார், ஒன்று இதில் இல்லை என்றாள். இல்லாததைச் சொன்னாள். நடுவில் நிற்காமல் சொன்னாள்.

"இப்ப சொல்லினம்," என்று ஒரு பெண்குரல் பக்கத்தில் முணுமுணுத்தது. "வீட்டுக்குள்ள தண்ணி நிக்கேக்க எங்க போனவையாம்?"

குழுவின் தலைவி கண்ணியமான பெண். மரணத்துக்கு அனுதாபம் தெரிவித்தார். "நீங்கள் கொழும்பில் வசிக்கிறீர்கள். உங்கள் கருத்தைப் பதிகிறோம். ஆனால் இவர் கரையின் சார்பில் பேசியவர் என்றுதான் பதிவில் இருக்கிறது. அவர் நிபந்தனையோடுதான் சம்மதித்தார் என்று கரையில் யாருக்காவது தெரியுமா?"

கேள்வி நியாயமானது. ஜெனிற்றா திரும்பிச் சாந்தரூபனைப் பார்த்தாள். அவர் மெல்ல எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார்.

"எங்களுக்குத் தெரியாது அம்மா. எங்களிட்ட அவர் ஒரு நாளும் சொல்லேல்ல."

திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். உயர்த்தலாம் என்று குழு பரிந்துரைத்தது. உள்ளூர் ஆதரவு உண்டு என்ற வரி அதிலும் இருந்தது.

வெளியே மதிலடியில் சாந்தரூபன் அவளுக்காக நின்றார்.

"நீ சொன்னது உண்மையோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஏன் சொல்லேல்ல? ஒரு சொல்லு. நானும் வந்து பக்கத்தில நிண்டிருப்பன். கரை முழுக்க வந்திருக்கும்."

"மில்ரனைப் பற்றிக் குறை சொன்னதாப் போயிடும் எண்டு. அவன் கயிறு பிடிச்சவனாம்."



"அந்தப் பெடியனுக்காகவோ? நான் அந்த மனுசனை என்னெல்லாம்..." சாந்தரூபன் தொப்பியைத் தலையில் அழுத்தினார். "விசர் மனுசன்," என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது உடனே பிடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க அவர் திரும்பத் திரும்ப உதைத்தார்.

பஸ்ஸில் வரும்போது தூரத்தில் இருந்தே கோபுரங்கள் தெரிந்தன. எல்லாம் ஒழுங்காகச் சுழன்றன. காற்றில் பிழை இல்லை, சுழலியில் பிழை இல்லை. இப்படியான கோபுரங்கள் நாட்டுக்கு வேண்டும் என்று ஜெனிற்றா இன்னும் நம்புகிறாள். தெருவை ஒரு முழம் தாழ்த்தி, குழாயைப் பெரிதாக வைத்து, ஒரு கோபுரத்தை மேட்டுக்கு அப்பால் தள்ளியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் குறைந்திராது. அதை நினைக்க நினைக்கத்தான் ஆறவில்லை.

மார்த்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நடந்ததை ஜெனிற்றா சுருக்கமாகச் சொன்னாள். சாந்தரூபன் கேட்டதையும் சொன்னாள். மார்த்தா கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"புதன்கிழமை பின்னேரம் சவரம் எடுத்தவர்," என்றாள். "கோயிலுக்குப் போடுற சேட்டைப் போட்டவர். எங்க போறியள் எண்டன். சாந்தரூபனிட்டயாம். மில்ரன் இனி வரமாட்டான், இனி நான் சொன்னால் பிழையில்லை, கூட்டத்துக்கு முதல் சாந்தரூபனுக்குத் தெரியோணும், அவனையும் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டார்."

"போனவரோ?"

"அவங்கட வாசல் படலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திட்டார். அவங்கள் சாப்பாட்டில இருந்தவங்களாம். உள்ள போனால் இருங்கோ எண்டு சோத்துக் கோப்பையைத் தருவாங்கள், அவங்கட சோத்தைத் திண்டுகொண்டு இதைக் கதைக்கேலாது, நாளைக்கு விடியப் போறன் எண்டார்."